என் லெப்டொப்பில சரியா ஓடுற பில் புரோகிராம் பெரியப்பாட கடையில பிழையா ஓடுது: பெக்கேஜ் சேர்க்கிறது பற்றி ஒரு கேள்வி

புறாக்கூடு:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொட்டாஞ்சேனை, வெளிவாரிப் பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம். பெரியப்பாவுக்குப் பழைய சோனகத் தெருவில ஒரு ஹாட்வெயார் கடை இருக்கு. ஆணி, கீல், பீவீசி குழாய், பெயின்ட் எண்டு சின்னக் கடைதான். போன வருஷக் கடைசியில அந்தக் கடைக்கு நோட்ஜேஎஸ்ஸில (ஜாவாஸ்கிரிப்ட் கோடைக் கணினியில ஓட்டுற மென்பொருள்) ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தன். பில் போடும், வாடிக்கையாளர் தந்த செக்குகளை எந்தத் திகதியில வங்கியில போடணும் எண்டு பட்டியல் காட்டும். அந்தத் தெருவில வியாபாரம் பாதிக்கு மேல பின்திகதி போட்ட செக்கிலதான் ஓடுது. அதனால பெரியப்பாவுக்கு பில்லை விட அந்தப் பட்டியல்தான் முக்கியம்.

வேற ஆக்கள் எழுதி வச்ச கோட் துண்டுகளைத்தான் பெக்கேஜ் எண்டுறது. வெப் சேர்வருக்கு எக்ஸ்பிரஸும், எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்குப் பெட்டர்-எஸ்கியூலைட்3 உம் அடிப்படை. மிச்சம் எல்லாம் யூடியூப் பாடங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது: நோட்மொன், டொட்என்வ், யூயூஐடி, நோட்-ஃபெட்ச், பொடி-பார்சர், லோடாஷ், திகதிக்கு ஒரு பெக்கேஜ், இன்னும் கொஞ்சம். பெக்கேஜ் பட்டியல் இருக்கிற பெக்கேஜ்.ஜேசனைத் திறந்து எண்ணினன், 23 வரி. அதெல்லாம் இறங்கி இருக்கிற நோட்_மொடியூல்ஸுக்குள்ள போய்ப் பார்த்தா நானூறுக்கு மேல ஃபோல்டர். அதில முக்கால்வாசிப் பேரை நான் கேள்விப்பட்டதே இல்ல.

பிரச்சினை இதுதான். பெப்ரவரி கடைசியில கடைக்கு வேற கணினி வாங்கினாங்க. வின்டோஸ். என் லெப்டொப்பில உபுண்டு லினக்ஸ். கடையில கிட்டில (கோடின்ட மாற்றங்களைச் சேமிச்சு வைக்கிற கருவி) இருந்து கோடை இறக்கி, பெக்கேஜ்களை இறக்குற என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையை அடிச்சன், ஓடிச்சு. பில்லும் வந்திச்சு, சந்தோஷமா வீட்ட வந்திட்டன். மார்ச் 9 திங்கட்கிழமை பெரியப்பா கோல் எடுத்தார். "மகள், வெள்ளிக்கிழமை போடவேண்டிய செக் ஒண்டு பட்டியலிலயே வரல்லயே." போய்ப் பார்த்தன். 06/03/2026 எண்டு அடிச்சது ஜூன் மாசம் மூண்டாந் திகதியா விழுந்திருக்கு. 12 க்கு மேற்பட்ட திகதியெல்லாம் சரியாத்தான் இருந்திச்சு. அதாலதான் பத்து நாளா ஒருத்தர் கண்ணிலயும் படல்ல.

என் லெப்டொப்பில அதே கோட், அதே 06/03, சரியா மார்ச் ஆறு. இரண்டு மணித்தியாலம் தேடின பிறகுதான் விளங்கிச்சு. திகதி பெக்கேஜ் என் லெப்டொப்பில பழைய வெர்ஷன், கடையில புது வெர்ஷன். திகதி எந்த வடிவில வருது எண்டு நான் சொல்லாம விட்டிருக்கிறன். சொல்லாம விட்டா எப்படி எடுக்கணும் எண்ட பழக்கத்தை அவங்க இடையில மாத்தியிருக்கிறாங்க. பிழை என்னுடையதுதான்.

பதட்டத்தில என் லெப்டொப்பில இருந்த நோட்_மொடியூல்ஸை அப்படியே பென் ட்ரைவில எடுத்திட்டுப் போய்க் கடையில போட்டன். எஸ்கியூலைட் "சரியான வின்32 அப்ளிகேஷன் இல்ல" எண்டு நிண்டுட்டு. திரும்ப அழிச்சு, போன் ஹொட்ஸ்பொட்டில இன்ஸ்டால் பண்ணினன். அந்த மாச டேட்டா அதோட முடிஞ்சுது.

இன்னுமொரு விஷயமும் சொல்லணும். என்பிஎம் தானா எழுதுற பெக்கேஜ்-லொக்.ஜேசன் கோப்பை நான் .கிட்இக்னோரில (கிட் சேமிக்காம விடவேண்டியதுகளின்ட பட்டியல்) போட்டு வச்சிருக்கிறன். முதலாம் வருஷக் குழு வேலையில அந்தக் கோப்பில ஆயிரக்கணக்கான வரி முட்டிக்கொண்டு நிண்டப்ப, ஒரு அண்ணா "அது தேவையில்ல, இக்னோர்ல போடு" எண்டார். அப்ப இருந்து எல்லா புரொஜெக்டிலயும் அப்படித்தான் செய்யிறன்.

ஒரு பெக்கேஜைச் சேர்க்கிறதுக்குச் சரியான முறை என்ன? பாடம் எடுக்கிற எல்லாரும் ஒரு வரியைக் காட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுறாங்க. பெரியப்பா கேட்டார், "நீ இதுக்குள்ள போட்ட சாமான் எல்லாத்தையும் பார்த்துத்தானே போட்ட?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரல்ல. அதுதான் இங்க கேக்கிறன்.

---

தெஹிவளை_ரயில்:

தங்கச்சி, பென் ட்ரைவ் விஷயத்தை மட்டும் நான் சொல்லிடுறன், மிச்சத்துக்கு அனுபவமுள்ள ஆக்கள் வருவாங்க.

பெரும்பாலான பெக்கேஜ் வெறும் ஜாவாஸ்கிரிப்ட், எங்க கொண்டுபோனாலும் ஓடும். பெட்டர்-எஸ்கியூலைட்3 அப்படியில்ல. அதுக்குள்ள சி மொழியில எழுதி மெஷின் கோடா மாத்தின ஒரு துண்டு இருக்கு. உபுண்டுவுக்கு ஒண்டு, வின்டோஸுக்கு வேறொண்டு. இன்ஸ்டால் அடிக்கிற நேரம் உங்கட மெஷினுக்கும் உங்கட நோட் வெர்ஷனுக்கும் பொருத்தமான துண்டை அது தேடி இறக்கும். கிடைக்கல்ல எண்டா அந்த இடத்திலயே கட்டப் பார்க்கும். அப்பதான் பைதன் இல்ல, விஷுவல் ஸ்டூடியோ இல்ல எண்டு நீளமா சிவப்பு எழுத்து வரும். அதனால நோட்_மொடியூல்ஸ் ஃபோல்டரை ஒரு நாளும் மெஷின் மாத்திக் கொண்டுபோகாதீங்க. இரண்டு இடத்திலயும் ஒரே நோட் வெர்ஷன் வையுங்க, நீண்டகாலம் பராமரிக்கிற இரட்டை எண் வெர்ஷனா இருந்தா நல்லம்.

டேட்டா பற்றி: ஒருக்கா இறக்கினதை என்பிஎம் தன்ட கேஷில (அந்த மெஷினிலயே இருக்கிற சேமிப்பு இடம்) வச்சிருக்கும். அதே மெஷினில திரும்ப இன்ஸ்டால் பண்ணேக்க --பிரிஃபர்-ஆஃப்லைன் சேர்த்து அடிச்சா, கையில இருக்கிறதை எடுத்துக்கொண்டு இல்லாததுக்கு மட்டும் வெளிய போகும்.

---

சங்க_ஒழுங்கை:

தங்கச்சி, உங்கட பெரியப்பா கேட்ட கேள்வியை எங்கட துறையில கனபேர் கேக்கிறதில்ல. அதால கொஞ்சம் நீளமா எழுதுறன். நான் வெள்ளவத்தையில இருக்கிறன், இந்த வேலையில பதினாலு வருஷம்.

கடையில ஓர்டர் துண்டு எண்டு ஒண்டு இருக்கும். "இரண்டங்குல ஆணி அஞ்சு பெட்டி" எண்டு எழுதி அனுப்புவீங்க. சாமான் வந்து இறங்கேக்க கூடவே ஒரு இன்வொயிஸ் வரும், அதில எந்தக் கம்பனி, எந்த பட்ச், எத்தனை எண்டு இருக்கும். பெக்கேஜ்.ஜேசன் உங்கட ஓர்டர் துண்டு. பெக்கேஜ்-லொக்.ஜேசன் இன்வொயிஸ். நீங்கள் இவ்வளவு காலமும் இன்வொயிஸைக் கிழிச்சுப் போட்டுவிட்டு, ஓர்டர் துண்டை மட்டும் பத்திரமா வச்சிருந்திருக்கிறீங்கள். ஆறு மாசம் கழிச்சு அதே துண்டைக் குடுத்தால் அதே சாமான் வரும் எண்டு எந்த வியாபாரியும் நம்பமாட்டார்.

துண்டில என்ன எழுதியிருக்கெண்டு பாருங்கோ. ^2.3.0 எண்டு இருந்தால், 2.3.0 இலிருந்து 3.0.0 வரமுன்னம் இருக்கிற எதுவும் சரி எண்டு அர்த்தம். ~ போட்டால் 2.3 க்குள்ள மட்டும். பூச்சியத்தில தொடங்கினால் கதை வேற: ^0.4.1 எண்டால் 0.5.0 ஐத் தொடாது. முதல் எண் மாறாத வரைக்கும் பழைய பழக்கத்தை உடைக்கமாட்டம் எண்டது எழுதுற ஆக்கள் தாற வாக்கு. அதை மெஷின் காப்பாத்துறதில்ல, மனிசர்தான் காப்பாத்துகினம். உங்கட திகதி பெக்கேஜில நடந்தது அந்த வாக்குத் தவறினது. அதுக்காக அவையைத் திட்டவும் ஏலாது, இலவசமாத் தந்த பொருள்.

லொக் கோப்பில உங்கட 23 மட்டுமில்ல, அந்த நானூறும் இருக்கும். ஒவ்வொண்டின்ர துல்லியமான வெர்ஷன், எங்க இருந்து இறக்கினது, உள்ளடக்கத்தின்ர ஷா-512 கைரேகை, அதாவது உள்ளடக்கம் மாறினால் தானும் மாறுற ஒரு குறியீடு. அதைக் கிட்டில போட்டுவிட்டு, கடைக் கணினியில என்பிஎம் இன்ஸ்டால் அடிக்காமல் என்பிஎம் சிஐ அடியுங்கோ. சிஐ பழைய நோட்_மொடியூல்ஸை அழிச்சுப்போட்டு, லொக்கில இருக்கிறதை மட்டும், அப்பிடியே இறக்கும். துண்டும் இன்வொயிஸும் ஒத்துப்போகேல்ல எண்டால் நிண்டுவிடும், தானா ஒண்டையும் மாத்தாது. உங்கட செக் பிரச்சினை அந்த ஒரு வித்தியாசத்திலயே நடந்திருக்காது.

குழு வேலையில முட்டிக்கொண்டது எண்டீங்களே. அதைக் கையால பிரிச்செடுக்கவே தேவையில்ல. பெக்கேஜ்.ஜேசனில இருக்கிற மோதலை மட்டும் நீங்கள் தீர்த்துவிட்டு, என்பிஎம் இன்ஸ்டால் அடிச்சால் லொக்கில இருக்கிற மோதலை அதுவே சரிப்பண்ணும். அந்த அண்ணாவும் அண்டைக்கு அவசரத்தில சொல்லியிருப்பார். 2017 இல என்பிஎம் 5 வரும்வரைக்கும் இந்தக் கோப்பே இருக்கேல்ல, அதுக்கு முதல் பழகின ஆக்களுக்கு இது ஒரு தொந்தரவு மாதிரித்தான் தெரிஞ்சது.

என்ர கதையையும் சொல்லுறன். 2022 மார்ச் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்கள். ஒரு வாடிக்கையாளருக்கு அடுத்த நாள் காலமை குடுக்கவேணும். ஏதோ ஒரு எரர். எல்லாரும் செய்யிற வைத்தியத்தை நானும் செய்தன்: நோட்_மொடியூல்ஸையும் லொக் கோப்பையும் சேர்த்து அழிச்சுப்போட்டுத் திரும்ப இன்ஸ்டால். பாதியில கரண்ட் போச்சு. ரவுட்டர் நிண்டுபோச்சு. போனில சிக்னல் ஒரு கோடு வரும், போகும், டவருக்கும் பற்றரி எவ்வளவுக்குத்தான் தாங்கும். மெழுகுதிரியை வச்சுக்கொண்டு மாடிப்படியில இருந்து விடிய மூண்டு மணிக்கு இன்ஸ்டால் முடிஞ்சால், வந்தது வேற வெர்ஷன்கள். முதல் இருந்த எரர் போய்ப் புதுசா நாலு எரர். அப்பதான் கிட்டில பழைய லொக் இருக்கெண்ட ஞாபகம் வந்தது. அதைத் திருப்பி எடுத்து என்பிஎம் சிஐ அடிச்சன். கேஷிலயே எல்லாம் இருந்தது, இரண்டு நிமிஷம். லெப்டொப்பில பதினொரு வீதம் சார்ஜ் மிச்சம். முதல் எரருக்குக் காரணம் நான் எழுதின ஒரு எழுத்துப்பிழை. பெக்கேஜில ஒரு பிழையும் இல்ல. அண்டையில இருந்து லொக் கோப்பை அழிக்கிற வைத்தியத்தை நான் ஒருத்தருக்கும் சொல்லுறதில்ல.

அதே வருஷம் ஜனவரியில உலகம் முழுக்க நடந்தது ஒண்டு இருக்கு. டெர்மினலில எழுத்துக்கு நிறம் குடுக்கிற கலர்ஸ் எண்ட சின்னப் பெக்கேஜ். அதை எழுதினவரே 1.4.1 எண்டு ஒரு வெர்ஷனை வெளியிட்டார், அதுக்குள்ள வேணுமெண்டே முடிவில்லாத ஒரு சுழற்சி. ஓடவிட்டால் லிபர்ட்டி எண்டு எழுதிப்போட்டு, விளங்காத எழுத்தாக் கொட்டிக்கொண்டே இருக்கும். ^1.4.0 எண்டு வச்சிருந்து லொக் இல்லாமல் அண்டைக்கு இன்ஸ்டால் அடிச்ச எல்லாருக்கும் அது வந்தது. லொக் வச்சிருந்த ஆக்களுக்கு 1.4.0 தான் வந்தது, அவை செய்தியில பார்த்துத்தான் அறிஞ்சவை.

இனி உங்கட 23. இதைத்தான் நான் ஆசையோட பார்த்தன், ஏனெண்டால் அதில கொஞ்சம் இப்ப நோட்டுக்குள்ளயே இருக்கு. பாடங்கள் பழசு, அவ்வளவுதான். நோட்-ஃபெட்ச் வேண்டாம், நோட் 18 இலிருந்து ஃபெட்ச் உள்ளேயே வருது. கோப்பை மாத்தினால் தானா மறுபடி தொடங்கிறதுக்கு நோட்மொன் வேண்டாம், நோட் --வொட்ச் போதும். டொட்என்வ் வேண்டாம், 20.6 இலிருந்து --என்வ்-ஃபைல் இருக்கு. யூயூஐடிக்குப் பதிலா நோட்டின்ர கிரிப்டோ மொடியூலில ராண்டம்யூயூஐடி எண்டொரு ஃபங்ஷன். பொடி-பார்சர் செய்யிற வேலையை எக்ஸ்பிரஸ்.ஜேசன் செய்யும். லோடாஷில நீங்கள் எத்தனை ஃபங்ஷன் பாவிக்கிறீங்கள் எண்டு தேடிப் பாருங்கோ. ஒண்டோ இரண்டோ எண்டால் அதை நீங்களே நாலு வரியில எழுதலாம்.

திகதிக்கும் இந்த இடத்தில பெக்கேஜ் தேவையில்ல. பெட்டியில மனிசர் அடிக்கிற எழுத்தைப் பிரிச்செடுக்கிறதை விட்டிட்டு, எச்டிஎம்எல்லின்ர திகதிப் பெட்டியை வையுங்கோ. திரையில எப்பிடிக் காட்டினாலும் அது உங்களுக்குத் தாறது 2026-03-06 எண்ட வடிவம்தான். அதை அப்பிடியே எழுத்தா எஸ்கியூலைட்டில போடுங்கோ, வரிசைப்படுத்தினாலும் சரியா வரும். பில்லில காட்டுறதுக்கு இன்ட்ல்.டேட்டைம்ஃபோர்மட், நேரவலயம் ஏசியா/கொலம்போ.

ஆனால் நேரக் கணக்கை மட்டும் அஞ்சரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கழிச்சு நீங்களே எழுதாதீங்கோ. எங்கட நாட்டில நேரம் எப்பவும் அஞ்சரையா இருக்கேல்ல. 1996 மே மாசம் ஆறரைக்குப் போனது, அதே வருஷம் ஒக்டோபரில ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரலில்தான் திரும்ப அஞ்சரை. நீங்கள் பிறந்த நேரத்தில இங்க மணிக்கூடு எப்பிடி ஓடினதெண்டு வீட்டில கேட்டுப் பாருங்கோ. ஏசியா/கொலம்போ எண்ட பேருக்குள்ள இந்த வரலாறு முழுக்க இருக்கு. நான் முந்தி ஒரு சிகிச்சை நிலையத்துப் பழைய பதிவுகளை மாத்தேக்க இதில ஒரு கிழமை செலவழிச்சன்.

அதாலதான் சொல்லுறன், பெக்கேஜே வேண்டாம் எண்டது என்ர கட்சியில்ல. எக்ஸ்பிரஸை நீங்கள் எழுதக்கூடாது, எஸ்கியூலைட்டை எழுத ஏலாது. ஒண்டைச் சேர்க்கமுன்னம் என்பிஎம் வியூ போட்டு அதின்ர பேரை அடியுங்கோ. அது வேற எத்தனை பெக்கேஜை இழுத்துக்கொண்டு வரும், எவ்வளவு பெரிசு, கடைசியா எப்ப வெளியிட்டவை, யார் பராமரிக்கினம் எல்லாம் ஒரு திரையில வரும். ஒரு நிமிஷ வேலை. வேணுமெண்டு முடிவெடுத்தால் இன்ஸ்டால் அடியுங்கோ, உடனே என்ன மாறியிருக்கெண்டு காட்டுற கிட் டிஃப் பாருங்கோ. பெக்கேஜ்.ஜேசனில ஒரு வரி கூடியிருக்கும். லொக்கில எத்தனை கூடியிருக்கெண்டு பார்க்கிறதுதான் முக்கியம். இரண்டையும் சேர்த்து, வேற ஒண்டையும் கலக்காமல், ஒரே கொமிட்டா (கிட்டில ஒரு பதிவா) போடுங்கோ. பிறகு கழட்டவேண்டி வந்தால் எங்க பிடிக்கிறதெண்டு தெரியும். கழட்டேக்கயும் ஃபோல்டரை அழிக்காமல் என்பிஎம் அன்இன்ஸ்டால் அடியுங்கோ, இரண்டு கோப்பிலயும் அதுவே எடுத்துவிடும்.

கோட் எழுதேக்க மட்டும் தேவையானது, கோடில பிழை தேடுற எஸ்லின்ட் மாதிரி, --சேவ்-டெவ் போட்டுச் சேருங்கோ. கடையில என்பிஎம் சிஐ --ஒமிட்=டெவ் அடிச்சால் அதெல்லாம் இறங்காது. டேட்டாவும் மிச்சம்.

---

புறாக்கூடு:

அக்கா, இதை மூண்டு தரம் வாசிச்சன். மெத்தப் பெரிய உதவி.

நேத்து இரவு உக்காந்து செஞ்சன். முதலில லொக்கை .கிட்இக்னோரில இருந்து எடுத்திட்டன். பிறகு 23 வரியையும் ஒவ்வொண்டாத் தேடினன். மூண்டு பெக்கேஜ் கோடில எங்கயுமே கூப்பிடல்ல, பாடத்தில சொன்னாங்க எண்டு போட்டது. நீங்க சொன்ன அஞ்சும் போச்சு. லோடாஷில ஒரே ஒரு ஃபங்ஷன்தான், வாடிக்கையாளர் வாரியா பில்லைப் பிரிக்கிறது. அதையும் எழுதிட்டன். திகதிப் பெட்டியையும் மாத்திட்டன். இப்ப 13 வரி, அதில மூண்டு டெவ். நோட்_மொடியூல்ஸில எண்ணிக்கையும் நல்லாக் குறைஞ்சிட்டு, மிச்சத்தில பெரும்பங்கு எஸ்லின்ட் கொண்டுவந்தது.

அம்மாட்ட நேரத்தைப் பற்றிக் கேட்டன். "ஓம், மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வச்சம், பழைய நேரம் புது நேரம் எண்டு சொல்லிச் சொல்லித்தான் கதைப்பம்" எண்டாங்க. எனக்கு இது தெரியவே தெரியாது.

ஒரு இடத்தில மாட்டிட்டன். ஒரு டெவ் பெக்கேஜைப் புதுசாக்கப் போக ஈரிசோல்வ் எண்டு பெரிய எரர். தேடினா எல்லா இடத்திலயும் --ஃபோர்ஸ் போடு எண்டுதான் இருக்கு. பயத்தில போடாம விட்டிட்டன்.

---

மாளிகாவத்தை:

தங்கச்சி, --ஃபோர்ஸ் போடாம விட்டது நல்லது. அந்த எரர் சொல்றது இதுதான்: எஸ்லின்ட்டோட சேர்ந்து ஓடுற ஒரு துணைப் பெக்கேஜ், "எனக்கு இன்ன வெர்ஷன் எஸ்லின்ட்தான் வேணும்" எண்டு கேக்குது, நீங்க வேறொண்டை வச்சிருக்கிறீங்க. 2020 இல என்பிஎம் 7 வந்த பிறகுதான் இதைக் கண்டிப்பாப் பார்க்கத் தொடங்கினாங்க. எரரை அடியில இருந்து மேல வாசியுங்க. யார் யாரைக் கேக்குறாங்க எண்டு பேரோட இருக்கும். அனேகமா ஒண்டை ஒரு படி கீழ இறக்கினா இரண்டும் ஒத்துப்போகும்.

நான் இங்க எழுத வந்தது வேற விஷயத்துக்கு. வாப்பாட கடையும் புறக்கோட்டையிலதான், அதனால உங்கட பெரியப்பாட கவலை எனக்கு நல்லா விளங்குது. சங்க ஒழுங்கை அக்கா வெர்ஷனைப் பற்றிச் சொன்னாங்க. நான் ஆளைப் பற்றிச் சொல்றன்.

இன்ஸ்டால் அடிச்ச உடனே சில பெக்கேஜ் உங்கட மெஷினில தன்ட ஸ்கிரிப்ட்டை ஓட்டும். நீங்க அந்தக் கோடைக் கூப்பிடவே தேவையில்ல, இறங்கினாலே போதும். 2017 இல குரொஸ்என்வ் எண்டு ஒண்டு பிடிபட்டிச்சு. உண்மையான பெக்கேஜின்ட பேர் குரொஸ்-என்வ், நடுவில ஒரு கோடு. கோடில்லாமப் பிழையா அடிச்சவங்கட மெஷினில இருந்த இரகசியச் சாவிகளை அது வெளிய அனுப்பிச்சு. பேரை ஒருக்காலும் ஞாபகத்தில அடிக்காதீங்க, அவங்கட ஆவணப் பக்கத்தில இருந்து அப்படியே எடுத்துப் போடுங்க.

பேர் சரியா இருந்தாலும் முழுசா நம்பிட முடியாது. 2025 செப்டெம்பரில சோக், டிபக் எண்டு உலகமே பாவிக்கிற பெக்கேஜ்களைப் பராமரிக்கிறவருக்கு, என்பிஎம்மில இருந்து வந்த மாதிரியே ஒரு போலி மின்னஞ்சல் வந்திச்சு, கணக்குக்குள்ள நுழையிறதுக்கு இருக்கிற இரட்டைப் பூட்டைப் புதுப்பிக்கச் சொல்லி. அவர் நம்பிட்டார். 18 பெக்கேஜில கிரிப்டோ பணத்தைத் திருப்பி விடுற கோடை ஏத்திட்டாங்க. வாரத்துக்கு மொத்தமா 200 கோடிக்கு மேல இறங்குற பெக்கேஜ்கள் அவை. சில மணித்தியாலத்துக்குள்ள கண்டுபிடிச்சு எடுத்திட்டாங்க. அந்த இடைவெளியில புதுசா இன்ஸ்டால் அடிச்சவங்களுக்குத்தான் ஆபத்து.

அதனால நான் செய்யிறது: --இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் போட்டுத்தான் இறக்குவன். பெட்டர்-எஸ்கியூலைட்3 க்கு ஸ்கிரிப்ட் ஓடியே ஆகணும், அதுக்கு மட்டும் என்பிஎம் ரீபில்ட் பெட்டர்-எஸ்கியூலைட்3 எண்டு தனியா அடிப்பன். புது வெர்ஷன் வந்த உடனே எடுக்கமாட்டன், ஒரு கிழமையாவது போகட்டும். கடை மெஷின் எண்டா --சேவ்-எக்ஸாக்ட் போட்டுப் பூட்டிட்டு, பிறகு தொடவே மாட்டன். ஓடுறதை ஏன் தொடணும்?

---

சங்க_ஒழுங்கை:

மாளிகாவத்தைத் தம்பி சொன்ன எல்லாத்தையும் ஏற்றுக்கொள்ளுறன், கடைசி ஒண்டைத் தவிர. ஸ்கிரிப்ட் விஷயத்தை நான் எழுதாமல் விட்டது பிழை, நன்றி.

--சேவ்-எக்ஸாக்ட் பூட்டுறது தங்கச்சி எழுதின 13 வரியை மட்டும். அதுக்குக் கீழ வாறதுகளை அது பூட்டாது, அதை லொக் கோப்புத்தான் பூட்டும். இனி, தொடாமலே விட்டால் இரண்டு வருஷம் கழிச்சு எக்ஸ்பிரஸில ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவரேக்க, அதை மட்டும் மாத்த ஏலாமல் போகும். நோட் பழசு, எஸ்கியூலைட் பழசு, ஒண்டை அசைச்சால் எல்லாம் அசையும். நான் அப்பிடிப் பூட்டின ஒரு புரொஜெக்டை வேற ஆக்களிட்டயிருந்து பொறுப்பெடுத்து நாலு மாசம் பட்டிருக்கிறன்.

மாசத்தில ஒரு நாள் வையுங்கோ. என்பிஎம் அவுட்டேட்டட் அடிச்சால் எது பின்தங்கியிருக்கெண்டு தெரியும், என்பிஎம் ஓடிட் அடிச்சால் எதில ஓட்டை எண்டு தெரியும். ஓடிட் சொல்லுற எல்லாத்துக்கும் பதறவேண்டாம், எஸ்லின்ட்டுக்கு அடியில இருக்கிற ஒண்டு கடையில ஓடப்போறதேயில்ல. ஓடிட் ஃபிக்ஸ் --ஃபோர்ஸ் எண்டு அதுவே ஒரு வழி காட்டும், அதை எடுக்காதீங்கோ, முதல் எண்ணையே தாண்டி வெர்ஷனை மாத்திவிடும். ஒண்டு ஒண்டா, பேர் சொல்லி என்பிஎம் அப்டேட் அடிச்சு, செக் பட்டியலை ஓடவிட்டுப் பார்த்து, கொமிட். தம்பி சொன்ன ஒரு கிழமைப் பொறுமையும் இதுக்குள்ளயே அடங்கும். உங்கட லெப்டொப்பில செய்யுங்கோ, கடை மெஷினில ஒரு நாளும் செய்யாதீங்கோ.

அந்தப் பட்டியலுக்கு ஒரு சின்ன டெஸ்ட் எழுதிவிடுங்கோ. மார்ச் ஆறு, ஜூன் மூண்டு, இரண்டு செக். நோட்டுக்குள்ளயே டெஸ்ட் ஓடுற வசதி இருக்கு, அதுக்கும் பெக்கேஜ் தேவையில்ல.

---

தெஹிவளை_ரயில்:

அக்கா சொன்ன அந்த டெஸ்டோட ஒண்டு சேர்த்துக்கொள்ளுங்க தங்கச்சி. பெக்கேஜ்.ஜேசனில என்ஜின்ஸ் எண்டு ஒரு இடம் இருக்கு, அதில எந்த நோட் வெர்ஷன் வேணும் எண்டு எழுதலாம். சும்மா எழுதினா எச்சரிக்கை மட்டும்தான் காட்டும். என்பிஎம்மின்ட அமைப்புகளை எழுதுற .என்பிஎம்ஆர்சி கோப்பில என்ஜின்-ஸ்ட்ரிக்ட்=ட்ரூ போட்டா, வேற வெர்ஷனில இன்ஸ்டாலே ஆகாது.

---

புறாக்கூடு:

செஞ்சிட்டு வந்து சொல்றன் எண்டு நினைச்சன், செஞ்சிட்டன்.

சனிக்கிழமை கடை பூட்டின பிறகு போனன். இரண்டு மெஷினிலயும் நோட் 22. முதலில லெப்டொப்பில ஈரிசோல்வ் எரரை அடியில இருந்து வாசிச்சன். எஸ்லின்ட்டைப் புதுசாக்கியிருந்தன், துணைப் பெக்கேஜ் அதுக்கு முந்தினதைத்தான் கேட்டிச்சு. ஒரு படி இறக்கினன், போயிட்டு. பிறகு கடையில என்பிஎம் சிஐ --ஒமிட்=டெவ் --இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ், அதுக்குப் பிறகு எஸ்கியூலைட்டுக்கு மட்டும் ரீபில்ட். ஹொட்ஸ்பொட்டில டேட்டா பார்த்தன், போன தரம் போனதில ஒரு சின்னத் துண்டுதான் போச்சு.

டெஸ்ட்டுக்கு மார்ச் ஆறும் ஜூன் மூண்டும் போட்டன். பழைய கோடில ஓட்டிப் பார்த்தன், விழுந்திச்சு. புதுக் கோடில நிண்டிச்சு. விழுறதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்திச்சு.

பெப்ரவரி கடைசியில இருந்து பதிஞ்ச செக் எல்லாத்தையும் பெரியப்பாவும் நானும் கொப்பியோட ஒத்துப் பார்த்தம். மொத்தம் அஞ்சு பிழை. ஒண்டு அந்த வெள்ளிக்கிழமைச் செக், அதை அவர் எனக்குக் கோல் எடுத்த அடுத்த நாளே வங்கியில போட்டிட்டார். மிச்சம் நாலும் ஏப்ரல், மே மாசம் போடவேண்டியது, இப்ப திருத்தியாச்சு.

13 வரியையும் அவருக்கு ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டினன், இது என்ன செய்யுது, ஏன் வேணும் எண்டு. எக்ஸ்பிரஸ் வரைக்கும் பொறுமையாக் கேட்டார். பில் அச்சடிக்கிற பெக்கேஜ் வந்ததும், "இதை எழுதின ஆளுக்கு நாங்கள் காசு குடுக்கிறமா?" எண்டார். இல்ல எண்டன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அனுப்ப வழி இருந்தாப் பார்" எண்டார். என்பிஎம் ஃபண்ட் எண்டு அடிச்சா யாருக்கு எங்க அனுப்பலாம் எண்டு பட்டியல் வருது. அந்தப் பெக்கேஜின்ட பேரும் அதில இருக்கு. கடை அட்டையில வெளிநாட்டுக்கு அனுப்ப ஏலுமா எண்டு திங்கள் வங்கியில கேக்கப் போறார்.